நாடகப் பசை

பசை காய நாலு நிமிடம்.
அதுவரை பேசக் கூடாது, சிரிக்கவே கூடாது
என்றாள் மஹ்லகா.
சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.
ஆஃபாக்கின் இடது கிருதா
காதுக்குக் கீழே நழுவியது.
மறுபடி முதலிலிருந்து.

அன்ஸலித் துறைமுகத்தில் ஒரு நாடகக் குழுவுக்குப்
பதினோரு வருடமாகத் தாடி ஒட்டுகிறவள் மஹ்லகா.
ஆட்டு மயிர், கொஞ்சம் தேயிலைச் சாயம்.
எனக்கு வாய்த்தது ஒரு தூதனின் மீசை:
இரண்டாம் காட்சியில் வந்து
கடிதத்தைக் கொடுத்துவிட்டுச் செத்துப்போகிறவன்.

கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை என்றால்
ஊர் சிரிக்கும்.
எங்களுக்கு மீசை மேல் ஒரு ஆசையும் இல்லை.
கூழ் இருக்கும் அறைக்கு
அதையே சாவியாக வைத்துவிட்டார்கள்.

மார்பைத் துணியால் இறுக்கியாயிற்று.
அண்ணனின் மழைக்கோட்டு.
அவன் பழைய காலணி, நுனியில் செய்தித்தாள் திணித்து.
நடைதான் வரவில்லை.
"தரை உன் அப்பன் வாங்கிப் போட்டது,
அப்படி நட" என்றாள்.
வந்துவிட்டது.

மூன்றாம் வாயிலில் காவலன்
சீட்டைப் பார்த்தான், முகத்தைப் பார்க்கவில்லை.
கையில் பாதி கடித்த வெள்ளரிக்காய்.
இருபத்தாறு வருடத் தடை
மீதிப் பாதியை அவன் கடிக்குமுன் முடிந்தது.

தொலைக்காட்சியில் பந்துக்குச் சத்தம் கிடையாது.
இங்கே ஒவ்வோர் உதையும்
யாரோ கதவைத் தட்டுவதுபோல் கேட்டது.

காதில் விழக்கூடாத சொற்களிலிருந்து
எங்களைக் காப்பாற்றத்தான் தடை என்பார்கள்.
விழுந்தன.
எல்லாம் அண்ணன் வீட்டில் தினமும் சொல்பவை.
ஒன்று மட்டும் புதிது,
மனதில் குறித்துக்கொண்டேன்.

பாதி ஆட்டத்தில் கடலிலிருந்து மழை வந்தது.
எதிரணி ஒன்று, நாங்கள் ஒன்று.
பசைக்குத் தண்ணீர் ஆகாது.
காலரைத் தூக்கிவிட்டு
தாடையை உள்ளே புதைத்து உட்கார்ந்திருந்தோம்,
குளிரில் கோழிகள் மாதிரி.

ஒப்பந்தம் இதுதான்: என்ன நடந்தாலும் கத்தக் கூடாது.
முகத்துக்கு மயிர் ஒட்டலாம்.
குரலுக்கு எதை ஒட்டுவது?

எழுபத்தொன்பதாம் நிமிடம்
எங்கள் ஏழாம் எண்காரன்
சேற்றில் விழுந்துகொண்டே உதைத்தான்,
வலை புடைத்தது.
நான் சட்டைக் கையைக் கடித்துக்கொண்டேன்.
ஆஃபாக் இரும்புக் கம்பியை அறைந்தாள்,
மோதிரம் கோணும்வரை.

அப்போது
இரண்டு வரிசை கீழே, நீலத் தொப்பி போட்ட பையனிடமிருந்து
ஒரு கூச்சல் கிளம்பியது.
மேலே, மேலே, இன்னும் மேலே.
ஆண் தொண்டையில்
அத்தனை படிக்கட்டு கிடையாது.

பையன் வாயைப் பொத்திக்கொண்டான்.
மழையில் அவன் தாடியின் ஓரம்
உறை பிரிந்ததுபோல் எழும்பியிருந்தது.
பக்கத்துத் தடித்த ஆள் திரும்பினார்.
பார்த்தார்.
பார்த்துக்கொண்டே இருந்தார்.
பிறகு சூரியகாந்தி விதைப் பொட்டலத்தை
அந்தப் பக்கம் நகர்த்திவிட்டு
ஆட்டத்துக்குத் திரும்பிக்கொண்டார்.

இரவு ஆலிவ் எண்ணெய் தடவித்
தூதனை முகத்திலிருந்து உரித்தெடுத்தேன்.
தாடை தீயாய் எரிந்தது.
ஆறு நாள் சிவப்பு.
அம்மாவிடம், மீன் ஒத்துக்கொள்ளவில்லை.
அலுவலகத்தில், புதுச் சோப்பு.

வியாழன் மாலை ரொட்டிக் கடை.
ஆண்களுக்கு ஒரு வரிசை, எங்களுக்கு ஒன்று.
எனக்கு முன்னால் ஒருத்தி,
முக்காட்டை மூக்குவரை இழுத்துவிட்டிருந்தாள்.
அடுப்பின் வெக்கையில் தாங்காமல் தளர்த்தினாள்.
தாடை முழுக்க அதே சிவப்பு,
கிருதா இருந்த இடத்தில்
அளவுகோல் வைத்துக் கிழித்ததுபோல் நேராக.
என் தாடையை அவளும் பார்த்தாள்.

"எத்தனை?" என்றான் ரொட்டிக்காரன்.

அவன் பக்கம் திரும்பவேயில்லை அவள்.
என்னைப் பார்த்தபடி,
"இரண்டு."

அடுத்து என் முறை.
வீட்டில் நாங்கள் ஐந்து பேர்.
"ஒன்று" என்றேன்.