பன்மை விகுதி

நரின் நகரத்து மருந்துக்கடையில்
மாத்திரை எண்ணிக் கொடுப்பவள் சைரகுல்.
இப்போதெல்லாம் அவளிடம் யாரும் வழி கேட்பதில்லை.
காதில் செருகிய பொத்தானிடம் கேட்கிறார்கள்.
மச்சினன் எந்தப் பல் டாக்டரிடம் போனான்,
எதிர்வீட்டுக்காரி எங்கே கம்பளம் வாங்கினாள்,
எல்லாம் அதற்கு அத்துப்படி.
கேட்டு முடிப்பதற்குள் ஒரே வரியில் சொல்லிவிடும்.

முன்பு பத்து நீல வரிகள் வரும்.
ஏழு பொய், இரண்டு விளம்பரம்,
மிச்சம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு
எங்கேயாவது போய்ச் சேரலாம்.
தொலைந்துபோகவும் கொஞ்சம் இடம் இருந்தது.

மார்ச் மாதம் ஊரே கேட்கும் கேள்வி ஒன்றுதான்:
கணவாய் எப்போது திறக்கும்?
இருமல் மருந்து வாங்க வந்தவனின் பொத்தான்
சத்தமாகவே சொன்னது:
"பெரும்பாலும் வியாழன் மதியம் திறக்கும்
என்று உள்ளூர்க்காரர்கள் சொல்கிறார்கள்."

சைரகுலுக்கு எண்ணிக்கை தவறியது.
பதினேழா, பதினெட்டா?

சொல்கிறார்கள்.
அந்தக் 'கள்' அவள்தான்.
ஒருத்தி.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால்
ராத்திரி பதினொன்றரை மணிக்கு
ஊர்க்காரர்கள் அரட்டையடிக்கும் குழுவில்
முகம் தெரியாத லாரிக்காரர் ஒருவர் இதையே கேட்டார்.
"வியாழன் மதியம்" என்று தட்டினாள்.
பனியைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்?
வியாழக்கிழமை ஒருவன் வருவதாக இருந்தது, அவ்வளவுதான்.
பச்சைக் காரில்,
பின்சீட்டில் ஒரு பை உலர்ந்த பாதாமியோடு.

அவன் வரவில்லை.
கணவாயும் திறக்கவில்லை.
அது திறந்தது அடுத்த செவ்வாய்.
அதை எவரும் எழுதி வைக்கவில்லை.

சிந்திய தானியத்தைக் கோழி கொத்துகிற மாதிரி
அவள் வரியை ஒரு பயணக் குறிப்பு கொத்தியது,
குறிப்பை ஒரு சுருக்கம்,
சுருக்கத்தை இன்னொரு சுருக்கம்.

கடையை மூடிய பிறகு
தன் பொத்தானிடமே கேட்டாள்.
யார் சொன்னது?
"பலர்."
அந்தப் பலரில் ஒரு பேர் சொல்லு.
"நம்பகமான பல இடங்களிலிருந்து திரட்டியது."
தப்பு. அது நான் சும்மா சொன்னது.
"நன்றி. உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்."

தேடுவது என்றால் நம் மொழியில் இரண்டு.
சாவியைத் தேடுகிறோம்.
பிள்ளைக்கு அம்மாவைத் தேடுகிறது.
முதலாவதில் அந்த எந்திரம் மகா கெட்டி.
சைரகுல் அன்றிரவு தட்டியது
இரண்டாவதை.

வியாழனன்று உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு
மலையேறும் மர்ஷ்ருத்காவில் ஏறிக்கொண்டாள்.
கூட்டத்துக்கு நடுவில் நின்று
உண்மையைச் சொல்லிவிடுவதாகத் திட்டம்.
முதல் வாக்கியத்தை
வழியெல்லாம் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

தடுப்புக் கட்டைக்கு இந்தப் பக்கம்
நாற்பது வண்டிகள் இருக்கும்.
சம்சா விற்கும் பெண்கள், கரி அடுப்பு,
டயரை உதைத்துப் பார்க்கும் ஆண்கள்,
பனியில் வட்டம் போட்டு விளையாடும் ஒரு நாய்.

தடுப்புக்காரர் எசென்கான் கையுறையைக் கழற்றாமலே
ஒரு சம்சாவைக் கடித்தார்.
"முந்தியெல்லாம் பனி தள்ளும் வண்டி
அதுக்குத் தோணின நாளில்தான் வரும்.
வியாழனுக்கு வியாழன் ஜனங்க வந்து கூடி
ஒரே கூச்சல்.
இப்ப வியாழக்கிழமையே அனுப்பிடுறாங்க."

பன்னிரண்டே காலுக்குக் கட்டை உயர்ந்தது.

நாற்பது எஞ்சின்களும் ஒன்றாக உறுமின.
வாய்வரை வந்த முதல் வாக்கியத்தோடு
ஓரமாக ஒதுங்கி நின்றாள் சைரகுல்.
இப்போது அது உண்மையா, பொய்யா,
அவளுக்கே விளங்கவில்லை.

மறுபக்கத்திலிருந்து முதலில் இறங்கியது ஒரு லாரி.
டிரைவர் தாலாய்பெக் தேநீருக்காக நிறுத்தினார்.
அவள் போய்க் கேட்டாள்:
பின்னால் பச்சைக் கார் ஏதாவது வருகிறதா?

கண்ணாடியைத் துடைத்தபடி கொஞ்சம் யோசித்தார்.
"தெரியாது" என்றார்.

அந்தச் சொல்லைக் கேட்டு எத்தனை நாளாகிறது!

அவர் தேநீருக்கும் சேர்த்து
அவளே காசு கொடுத்தாள்.