கூட்டல் கழித்தல் பதினாறு

வெள்ளரிக்காய் ஊறிய ஜாடி, வினிகர் நெடி இன்னும் போகவில்லை.
அதில் மண்ணை அடைத்துக்கொண்டு
மூன்று பேருந்து மாறி கோமெல் வந்திருந்தார் அபனாஸ்.
"உருளைக்கிழங்கு போடலாமா? ஒரே எண். அதை மட்டும் சொல்."

எங்கே எடுத்தது?
தோட்டத்தில்.
தோட்டத்தில் எங்கே?
மண்வெட்டி சாய்ந்திருந்த இடத்தில்.
எவ்வளவு ஆழம்?
அதை மண்வெட்டியிடம் கேள்.

நூற்றைந்து டிகிரியில் இரவெல்லாம் காயவைத்தேன்.
ஈரம் எடையில் ஒளிந்துகொண்டு
எண்ணைச் சிறிதாக்கிக் காட்டும்.
சல்லடையில் நின்றவை: செங்கல் சில்லு, ஒரு கரித்துண்டு,
நான்கு துளையுள்ள சட்டைப் பொத்தான்.
பொத்தானை உறையில் போட்டுப் பெயர் எழுதினேன்.

ஈயச் சுவருக்குள் இறக்கி மூடியதும்
திரவ நைட்ரஜன் குளிரில் உட்கார்ந்திருந்த ஜெர்மானியம்
எண்ணத் தொடங்கியது.
அதற்கு அவசரம் கிடையாது.
எனக்குத்தான்.

விடிந்தபோது திரையில் இரண்டு முகடுகள்.
நடுவே செசியம், அந்த ஏப்ரலில் வந்து இறங்கியது.
வலப்பக்கம் வெகுதூரத்தில் பொட்டாசியம்,
பூமி உண்டானதிலிருந்து இருப்பது,
அபனாஸின் தசையிலும் என் தசையிலும்
இந்த நொடியில் சிதைந்துகொண்டிருப்பது.
அதைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை.
நான் பயப்பட்டேன்:
தோட்ட மண்ணில் இவ்வளவு பொட்டாசியம் ஏது?

தொலைபேசியில் கேட்டேன்,
அடுப்புச் சாம்பலை எங்கே கொட்டுகிறீர்கள்?
அந்தப் பக்கம் அவர் பேசவில்லை.
பின்னாலிருந்து லுக்கேரியாவின் குரல்:
"ஸ்ட்ராபெரிப் பாத்தியில்தான். உரமாச்சே."
காட்டு பிர்ச் விறகு. முப்பது குளிர்காலம்.
மரம் குடித்ததையெல்லாம் அடுப்பு சுண்டவைத்து
அவள் கையில் கொடுத்திருக்கிறது.

வியாழக்கிழமை துளைக்குழாயோடு நானே போனேன்.
குறுக்கும் நெடுக்குமாகப் பதினேழு இடம்,
ஒவ்வொன்றும் இருபது சென்டிமீட்டர்.
பின்னாலேயே வந்த லுக்கேரியா
குழிக்கொரு வெங்காயம் ஊன்றினாள்.
"ஓட்டையைச் சும்மா விடுவானேன்?"

பாத்தி, கிலோவுக்கு ஆயிரத்து எண்ணூற்று எழுபது பெக்கரெல்.
மற்ற தோட்டம் இருநூற்றுப் பத்து,
கூட்டல் கழித்தல் பதினாறு.

"அது என்ன கூட்டல் கழித்தல்? உனக்கே நிச்சயமில்லையா?"
எவ்வளவு நிச்சயமில்லை என்பது நிச்சயம், அபனாஸ்.
அதுதான் அந்தப் பதினாறு.
"என் மருமகனும் இப்படித்தான் சம்பளம் சொல்வான்."

கிழங்கு போடுங்கள். பாத்தியைத் தொடாதீர்கள்.
சாம்பலை இனி மண்ணில் கொட்ட வேண்டாம்.
காகிதத்தை நாலாக மடித்தார்.
செசியம் பாதியாக எத்தனை வருடம் என்றார்.
முப்பது.
தனக்கு எழுபத்தொன்று என்று
அவர் சொல்லவில்லை, நானும் கணக்குப் போடவில்லை.
ஜாடியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பொத்தானை மறந்துவிட்டார்.

அன்றிரவு காலிப் பாத்திரத்தை வைத்துப் பின்னணி எடுத்தேன்.
செசியத்தின் இடத்தில்
வழக்கத்தைவிட நூற்றுச் சொச்சம் கூட.
விளக்கில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
விளிம்பு மடிப்பில், நகக்கண் அளவுகூட இல்லை,
சாம்பல்.

கழுவினேன்.
மறுபடி எண்ண வைத்தேன்.