இசைவாணை எண் இன்னும் இடப்படவில்லை

விண்ணப்பத்தில் தொழிலின் பெயர்
'பயன்படுத்திய எண்ணெய் மற்றும் கழிவுக் கொழுப்பு மறுசுழற்சி'.
வகை ஆரஞ்சு. நாளொன்றுக்கு இரண்டு டன்.
ஊருக்குள் அதன் பெயர்
பிசுக்குக் கம்பெனி.

கோத்தகிரியிலிருந்து இறங்கும் வழியில்
பூட்டிப் பத்து வருஷமான தேயிலை ஆலை.
இலை வாடப் போட்ட மாடியில்
இனி டிரம்கள் நிற்கும் என்றார் தவச்செல்வி.
குடையை எனக்குப் பிடித்துவிட்டு
அவர் நனைந்துகொண்டு வந்தார்.
குடையும் லஞ்சக் கணக்கில் வருமா என்று
ஒரு நிமிஷம் யோசித்தேன்,
பிறகு இருவருமே நனைந்தோம்.

நாடாவை இழுத்துப் பிடித்தோம்.
ஓடைக்கு நாற்பத்தேழு மீட்டர்.
வேண்டியது ஐம்பது.
"மழைக்கு அகலமாயிருக்கு மேடம்.
பங்குனியில வந்து அளங்க,
ஐம்பத்தஞ்சு வரும்."
பொய்யில்லை.
ஓடை யாரிடமும் பட்டா வாங்கி ஓடவில்லை.

ஆட்சேபணை மனு ஒன்றுதான்.
போஜன், தகப்பனார் ஹாலன், சிறு தேயிலை விவசாயி.
நாற்றம் வரும், இலைக்கு விலை விழும்,
தண்ணீர் கெடும்.
மனுவோடு மனுதாரரும் வந்திருந்தார்,
தலைப்பாகைக்கு மேல் ஒரு பாலிதீன் பை.
கையைப் பிடிக்காத குறையாக
ஓடைக்குள் இறக்கினார் என்னை.

மேலே மூன்று ரிசார்ட்டுகள்,
வர்க்கி சுடும் பேக்கரி ஒன்று.
கல்லின் மேல் விரல் கனத்துக்கு
வெள்ளையாய், சாம்பலாய், உறைந்த கொழுப்பு.
சீசன் முடிந்த வாரம்
சாக்கடை மூடியைத் திறந்தால்
கடப்பாரையால் வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

"இதுவே போதாதா மேடம்?
கம்பெனி வேறயா?"

"இதுக்குத்தாண்ணா கம்பெனி."

இரண்டு விரல்களும்
ஒரே கல்லைக் காட்டின.
நான் கல்லைப் படம் எடுத்துக்கொண்டேன்.
அது யார் தரப்புச் சான்று என்று
குறிக்கவில்லை.

திரும்பும்போதுதான் பார்த்தோம்.
சோதனைக்கு வைத்திருந்த டிரம்மின் மூடி
அப்பளம்போல் வளைந்து கிடந்தது.
தகரத்தில் ஐந்து கோடுகள்.
போஜன் குனிந்து பார்த்து
முதல் தடவையாகச் சிரித்தார்.
"நம்மாளுதான்.
கோயில் விளக்கெண்ணெயைக் குடிச்சுட்டு
திரியைத் துப்பிட்டுப் போனவன்."

படிவத்தில் ஒன்பதாம் பத்தி:
அருகிலுள்ள காப்புக்காடு எவ்வளவு தூரம்?
இரண்டு கிலோமீட்டர் என்று
தட்டச்சு செய்திருந்தது.
காடு இரவில் எழுந்து வந்து
மூடி திறந்து நக்கிவிட்டுப் போனால்
எந்தப் பத்தியில் எழுதுவது?

அன்றிரவு ஊட்டி குவார்ட்டர்ஸில்
வாழைக்காய் பஜ்ஜி.
மிச்ச எண்ணெயைத் தொட்டியில் சாய்த்து
வெந்நீர் விட்டேன்.
குழாய் ஒருமுறை விழுங்கிக்கொண்டது.
அதற்கு எதிராக மனு எதுவும் வராது.

நிபந்தனைகளை எழுதத் தொடங்கினேன்.
கொழுப்புப் பொறி, புகைபோக்கி உயரம்,
ஓடைப்பக்கம் மூன்றடித் தடுப்புச் சுவர்.
பதினான்காவது:
டிரம்களின் மூடி
கரடியால் திறக்க இயலாததாக இருத்தல் வேண்டும்.

மேலிடத்திலிருந்து கோப்பு திரும்பி வந்தது.
'கரடி என்ற சொல் விதிகளில் இல்லை.
புறக்காரணிகள் எனத் திருத்துக.
மூன்று மீட்டர் குறித்து
விளக்கம் தருக.'

திருத்தினேன்.
மூன்று மீட்டருக்கு
விளக்கம் இன்னும் எழுதவில்லை.
இந்த வருஷம் மழை விடுவதாயில்லை.

வரைபடத் தாளில் என் கைப்பட்டு ஒரு எண்ணெய்க் கறை.
அந்த இடத்தில் மட்டும் தாள் கண்ணாடியாகி
அடியிலுள்ள ஆட்சேபணை மனு தெரிகிறது,
ஹாலன் என்ற பெயரும்
பாதித் தேதியும்.

நேற்று தவச்செல்வி போன் செய்தார்.
எப்போது கிடைக்கும் என்று கேட்பாரென
பதிலை நாக்கில் வைத்திருந்தேன்.
"மேடம், நேத்தும் வந்துச்சு.
புது மூடி, போல்ட் போட்டது.
திறக்க முடியல.
கோபத்துல டிரம்மையே
ஓடைக்கு உருட்டிட்டுப் போயிருச்சு.

காலிதான் மேடம்.
காலி டிரம்தான்."