தலையெழுத்து

ஏப்ரலிலும் ஏரி திறக்கவில்லை.
இனாரிக்கு வடக்கே, வரைபடத்தில் பெயரில்லாமல்
எண் மட்டும் போட்டிருக்கும் சின்ன ஏரி.
சாம்மல் பனிவண்டியை நிறுத்திவிட்டு
துளைக்கருவியின் கயிற்றைச் சுண்டி இழுத்தான்.
ஒரு மீட்டர் பனிக்கட்டிக்கு அடியிலிருந்து
தண்ணீர் கறுப்பாய் எழும்பி
எங்கள் பூட்ஸை நனைத்தது.

ஏழு மீட்டர் ஆழம். அதற்குக் கீழே சேறு.
குழாயை இறக்கி, அமுக்கி, வாயை அடைத்துத் தூக்கினோம்.
சாய்ந்தால் நூற்றாண்டுகள் கலந்துவிடும் என்று
இர்யா அதை வண்டியில் நிமிர்த்தியே பிடித்து வந்தாள்.
நாற்பது சென்டிமீட்டர். ஈரக் காப்பித்தூள் நிறம்.
"இதுக்கா இவ்வளவு தூரம்?" என்றான் சாம்மல்.

ஓவுலு. ஆய்வகத்தின் மூன்றாம் தளம்.
அரை சென்டிமீட்டருக்கு ஒரு வெட்டு.
வெதுவெதுப்பான காரத்தில் ஊறவைத்து
சல்லடையில் அலசினால் சேறு போய்விடும்.
தங்குபவை தலைகள்.

கடிக்காத கொசுவின் புழுக்கள் அவை.
ஏரியின் அடியில் கிடந்து, வளர வளர
பழைய தலையைக் கழற்றிப் போட்டுவிட்டு
புதிய தலையோடு நகர்ந்தவை.
உடம்பு கரைந்துபோனது.
தலை கரையவில்லை.

தலையெழுத்து என்று ஒன்று உண்டென்றால்
அது தாடையோரத்தில் இருக்கிறது, பழுப்பு நிறத்தில்,
ஒரு பல்வரிசையாக.
நடுப்பல் ஒன்றா இரண்டா, பக்கத்துப் பல் குட்டையா
என்று பார்த்து இனம்.
இனத்தை வைத்து, அது எந்தச் சூட்டில் பிழைக்கும் என்பது.
ஐம்பது தலை சேராமல் ஒரு கோடை சேராது.
அதுதான் விதி; எங்கள் விதி.

இருபத்தெட்டாம் துண்டு. நாற்பத்தொன்பதரை.
ஜூன் மாத இரவு பத்து மணி, ஜன்னலில் இன்னும் வெயில்.
இடுக்கியோடு தட்டின் ஓடையில் மேலும் கீழும் போகிறேன்.
மகரந்தம். மணல். ஏதோ நீர்ப்பூச்சியின் நகம்.
கடைசியில் ஒரு பாதித் தலை.
இடப்பக்கம்.
ஏற்கெனவே இருந்த பாதியும் இடப்பக்கம்தான்.
ஒன்றை ஒன்று அறியாத இரண்டு புழுக்கள்,
இடையில் பத்து வருடம்கூட இருக்கலாம்.
அரையும் அரையும் ஒன்று என்று எழுதினேன்.

பதினொன்று புள்ளி எட்டு டிகிரி.
கூட்டல் கழித்தல் ஒன்று.
அந்தக் கூட்டல் கழித்தலுக்குள்
ஒரு பஞ்சமே வந்து சம்மணமிட்டு உட்காரலாம்.

மேல்துண்டு மட்டும் வேறு.
தட்டை வைத்துப் பத்து நிமிடத்தில் எழுபது தலை,
கீழே எங்கும் பார்க்காத பல்வரிசைகள்.
இர்யா இரண்டு தடவை கணக்குப் போட்டாள்.
எந்தக் கழித்தலுக்கும் உள்ளே அது வரவில்லை.

சாம்மலைக் கூப்பிட்டுச் சொன்னேன்.
"அதெல்லாம் சரி, அந்த வருஷம் இருக்கா?"
எந்த வருஷம் என்று நான் கேட்கவில்லை;
துளைபோட்ட அன்றே சொல்லியிருந்தான்.
அவன் அப்பாவுக்கு ஒன்பது வயது.
நவம்பரில் பனியின்மேல் மழை பெய்து
பெய்தது அப்படியே இறுகி,
துருவ மான்கள் குளம்பு கிழியத் தட்டியும்
அடியில் இருந்த லைக்கனின் வாசனைதான் கிடைத்தது.
நானூறு மானில் முப்பது.

ஐந்தாம் துண்டாக இருக்கும், என்றேன்.
அதில் பன்னிரண்டு கோடைகள் ஒன்றாய்க் குழைந்திருக்கின்றன.
தவிர, இந்தப் புழுக்களுக்குத் தெரிந்தது ஜூலை மட்டும்.
ஏரி மூடியபின் சேற்றுக்குள் சுருண்டுவிடும்.
மேலே மழை பெய்தது அவற்றுக்குக் கேட்டிருக்காது.

அந்தப் பக்கம் ஒரு நாய் குரைத்தது.
"அப்போ நீ எழுதி வை."
படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது.
ஓரத்தில், பென்சிலால் எழுதினேன்:
முப்பது.

மறுநாள் காலை குறுஞ்செய்தி:
அம்மாவிடம் கேட்டேன். முப்பத்தொன்று.
ஒன்று வசந்தத்தில்
தானாகத் திரும்பி வந்ததாம்.