மூன்றும் மூன்றும்

தொப்பூர் தாண்டி சிவாடி ஏற்றத்தில்
முந்தாநாள் ராத்திரி கூட்ஸ் ஒன்று நின்றுபோனது.
தூறல். அரைமணி நேரம்.
கண்ட்ரோல் ஏட்டில் 'ஏற முடியவில்லை' என்று ஒரு வரி.
மிச்சத்தைத் தண்டவாளம் எழுதி வைத்திருந்தது.

காலை ஆறேகால்.
தோளில் சுத்தியல், இடுப்பில் சுருட்டிய சிவப்புத் துணி.
வளைவு முடிகிற இடத்தில் முதல் குழி:
கட்டைவிரல் படுத்துக்கொள்ளலாம்.
நடுவில் நீலம், ஓரத்தில் வைக்கோல் மஞ்சள்.
எதிர்த் தண்டவாளத்தில் அதன் ஜோடி.
ஆறடி தள்ளி இன்னொன்று,
இன்னும் ஆறடியில் இன்னொன்று.
அப்புறம் கொஞ்ச தூரம் வெறும் இரும்பு,
அப்புறம் மறுபடி மூன்று.

ஒரு எஞ்சின் முழுசாக
நின்ற இடத்திலேயே உட்கார்ந்து எழுந்துபோயிருக்கிறது.

உள்ளே முள் அறுபதைக் காட்டியிருக்கும்.
அறுபதில் போய்க்கொண்டே
அதே வேலமரத்துக்கு எதிரில் இருந்திருப்பார் ருத்ரேஷ்.
எல்லாச் சுற்றையும் கூட்டினால்
தருமபுரியில் இறங்கி டீ குடித்திருக்கலாம்.

மணல் இருந்துச்சும்மா, ஈரமா இருந்துச்சு,
பெட்டியைத் தட்டினேன், விழல,
பின்னாடி ஐம்பத்தெட்டு வேகன் இழுக்குது என்றார்,
சிவாடி நடைமேடையில், பாதி கன்னடத்தில்.
என் பேரை எழுதிடுவியா?
படிவத்தில் கிலோமீட்டருக்குக் கட்டம் இருக்கிறது,
ஆழத்துக்கு இருக்கிறது.
யார் என்பதற்கு இல்லை.
கீழே கையெழுத்து: கீமேன் என்றுதான் அச்சு.
அதன் பக்கத்தில் ஜெயசுதா என்று போட்டேன்.

ஜே.இ. ஃபிலோமின்ராஜ் குனிந்து பார்த்தார்.
ரெண்டரை மில்லி. பெயின்ட் அடிச்சு வை, பார்த்துக்கிட்டே இரு.
துண்டு மாற்ற ஆள் வர ரெண்டு மாசம் ஆகும்.

குழி எனக்குப் பயமில்லை.
குழியின் தோல்தான்.
வெந்து, அதே நொடியில் ஆறிய தோல்
பார்க்க இரும்பு, குணம் கண்ணாடி.
மார்கழிப் பனியில் தண்டவாளம் சுருங்கி
ரெண்டு பக்கமும் இழுக்கும்போது
கண்ணாடி யாரிடமும் சொல்லிக்கொள்ளாது.

இருபது என்று மஞ்சள் பலகை நட்டாயிற்று.
அந்த இடத்தில் பாசஞ்சர் மெதுவாகிறது.
குரங்கு காட்டத்தான் நிறுத்துகிறார்கள் என்று நினைத்து
ஒரு பையன் தினம் முறுக்கு எறிகிறான்.
ஒவ்வொரு சக்கரமும் குழியில் விழுந்து எழுகிற சத்தம்
அவனுக்குத் தாளமாகக் கேட்குமோ என்னவோ.
நான் சரிவில் ஒதுங்கி நின்று எண்ணுவேன்.
எண்ணிக்கை முடிந்து கடைசிப் பெட்டி போனதும்
காலையிலிருந்து அடக்கி வைத்த இருமல் வரும்.

இன்று இடது பக்கம், இரண்டாவது குழி.
பனியைத் துடைத்துவிட்டு நகத்தால் வருடினேன்,
தினம் வருடுகிற மாதிரி.
நகம் மாட்டியது.

மயிர்க்கோடு. தலையிலிருந்து கழுத்துக்கு இறங்கியிருக்கிறது.
ஆறு ஐம்பது வண்டி இன்னும் சிவாடியை விடவில்லை.
போனில் ஒரு கோடுகூட இல்லை, இந்தக் காட்டில் எப்போதும் இப்படித்தான்.
துணியை உதறி விரித்தேன்,
மேட்டைப் பார்த்து ஓட ஆரம்பித்தேன்,
ஸ்லீப்பர் விட்டு ஸ்லீப்பர்,
கால் வழுக்காமல்.