கெடும்வரை

வியாழன் இரவு பதினொன்று.
காலையில் பச்சைப் பை எடுக்க லொறி வரும்.
பிரிட்ஜைத் திறந்தபடி நிற்கிறேன்,
வெளிச்சம் கால்விரல்வரை விழுகிறது.

வனிலா ஐஸ்கிறீம் டப்பாவில் பருப்பு.
மாஜரின் டப்பாவில் திங்கட்கிழமைக் கத்தரிக்காய்.
மூடியில் எழுதியிருப்பதை நம்பி
ஆரணி ஒருமுறை கரண்டியோடு வந்து ஏமாந்தாள்.
அதற்குப் பிறகு அவள் எதையும் திறப்பதில்லை.

வரிசையில் நின்ற வருசம்
காஸ் சிலிண்டரைச் சங்கிலியால் கட்டி
ஹம்டன் லேன் முனையில்
இரண்டு இரவு காவல் இருந்தோம்.
அன்றைக்கு ஒரு போஞ்சியின் நுனியைக்கூட
யோசித்துத்தான் கிள்ளினேன்.
அந்தப் பயம் போகவில்லை, சட்டையை மாற்றிக்கொண்டது.
இப்போது ஒரு கட்டு வல்லாரை வாங்கப் போனால்
வாய் மூன்று என்கிறது.
கடையில் சாமான் இருக்கும்போதே,
கையில் காசு இருக்கும்போதே.

விமலநேசன் கந்தோரில் சாப்பிட்டுவிட்டு வருவார்.
முன்கூட்டிச் சொல்லமாட்டார்.
சொன்னால் என் சமையலை மதிக்காத மாதிரியாம்.
மரியாதை சட்டியோடு மிஞ்சும்.

உண்மையைச் சொல்கிறேன்:
இரவு ஒன்பது மணிக்குச் சோறு நல்ல சோறு.
எறியக் கை வராது, பாவம்.
டப்பாவில் அடைத்துப் பின்தட்டுக்குத் தள்ளி
நாளைக்கு என்பேன்.
நாளை.
மறுநாள்.
ஓரத்தில் பூனைமயிர் மாதிரிச் சாம்பல் பிடிக்கும்.
அப்போது மூக்கைச் சுளித்துக்கொண்டு
எறிவது எவ்வளவு சுலபம்!
குற்றம் சோற்றினுடையதாகிவிடும்.
நாலாயிரத்துச் சொச்சம் கரண்ட் பில்;
மூன்று நாள் குளிரில் ஆறுவது
என் மனச்சாட்சி.

பத்மசிறி பையைத் தூக்கும்போதே கையால் நிறுப்பான்.
"நோனா வீட்டில் கலியாணமா?" என்றான் போன கிழமை.
மூன்று பேர் இருக்கிற வீடு.
சிரித்தேன், வேறென்ன செய்ய.

விடிந்துவிட்டது.
லொறி முக்கிமுனகி காலி வீதிக்கு ஏறுகிறது.
சுண்டில் அரிசி அள்ளி
விரலால் வழித்துச் சமன் செய்கிறேன்.
போதும்.
பிறகு கை தன்பாட்டில்
மறுபடி பைக்குள் போகிறது.
இன்னும் ஒரு பிடி.
லிஃப்ட் பழுதாகி எட்டு மாதம்.
ஐந்தாம் மாடிக்கு
யாரும் வந்தால்?