பத்தில் ஒரு பங்கு ஒளி

ட்ரொண்ட்ஹெய்ம் பல்கலைக்கழகத்தின் நிலவறை.
வெளியே பனி, உள்ளே இயந்திர வெக்கை.
கம்பளிச் சட்டையைக் கழற்றி
அலமாரிக் கதவில் மாட்டிவிட்டு
கண்ணாடி இழையில் ஒரு கிளை வைத்தேன்.
ஒன்பது பங்கு ஒளி தன் வழியே போகட்டும்;
பத்தாவது எங்களுக்கு.

எங்களுக்கு என்றால்
எனக்கு, பிர்னோவில் ஸ்திஸ்லாவாவுக்கு,
ஹெராக்லியனில் ஸ்தமாதிஸுக்கு.
மூன்று ஊர், மூன்று சட்டம்,
ஒருவர் பேச்சை ஒருவர் நம்பாத மூன்று வக்கீல்கள்.
கருவி வாங்க ஒரு மாதம் ஆனது.
எதையெல்லாம் பார்க்கக் கூடாது என்று எழுதப்
பதினாலு மாதம்.

உறைக்குள் இருப்பது வேண்டாம்.
மேலுறை போதும்: எங்கிருந்து, எங்கே, எவ்வளவு, எப்போது.
அந்த எங்கிருந்தும் எங்கேயும்
வட்டில் விழுமுன்பே வேடம் போட்டுக்கொள்ளும்.
அடுத்த வீடு அடுத்த வீடாகவே இருக்கும்,
தெரு தெருவாகவே இருக்கும்,
அப்படியொரு ஊர்தான் எந்த வரைபடத்திலும் இராது.
வேடம் கலைக்கும் சாவியை மூன்றாய் உடைத்து
ஆளுக்கொரு துண்டு வைத்துக்கொண்டோம்.
"எங்கள்மேல் நம்பிக்கை இல்லையா?" என்றான் ஸ்தமாதிஸ்.
"என்மேலேயே இல்லை" என்றாள் ஸ்திஸ்லாவா,
ஆப்பிள் கடித்துக்கொண்டே.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்
கிரேத்தத் தீவின் மருத்துவமனை ஒன்றின்மேல் வெள்ளம்.
என் பக்கம் பார்த்தால் வெறும் ஈரம்.
அவள் பக்கம் ஒரு வாய்க்கால்.
மூன்றையும் சேர்த்து வைத்ததும்
ஆறு தெரிந்தது.
மூன்று துண்டும் சேர்ந்து
நாற்பத்தோரு முகமூடி கழற்றினோம்:
வாகன நிறுத்தக் கேமராக்கள்,
பனிச்சறுக்குக் கடையொன்றின் பிரிண்டர்,
யாரோ வாங்கி மறந்த மீன்தொட்டி விளக்கு.
அடைத்தோம். கழற்றியதற்கு ரசீது எழுதினோம்.
அன்று நாங்கள் கொஞ்சம் கர்வப்பட்டது உண்மை.

ஏப்ரலில்தான் அந்த நூல் கண்ணில் பட்டது.
ஹெராக்லியன் பக்கமிருந்து,
அவர்கள் கடிகாரத்தில் தினமும் மூன்று பத்துக்கு,
நான்கு நிமிடம்,
மயிரிழை கனத்தில் ஏதோ மேலே போகிறது.
ஞாயிறு மட்டும் இல்லை.

திங்கள்கிழமைக் கூட்டம்.
ஸ்தமாதிஸ் மட்டும் அன்றைக்குக் கொட்டாவி விடவில்லை.
"நேற்று அக்கா வந்து பாப்பாவைப் பார்த்துக்கொண்டாள்,
மெஷின் வேலையும் அவளே.
வாரத்தில் ஒரு ராத்திரிதான் எனக்கு ராத்திரி."

யாரும் பூட்டை உடைக்கவில்லை.
பழக்கமே எழுந்து வந்து
கதவைத் திறந்துவிட்டது.

அவனிடம் சொல்லவில்லை.
வரைவில் பதினேழாம் விதி சேர்த்தேன்:
ஒரு மணி நேரம் கழிந்தபின்
எல்லா நேரமும் கால் மணிக்கு மழுங்கட்டும்.
"மில்லிசெகண்ட் இல்லாமல் தாமதத்தை
முழம் போட்டா அளப்பது, தூரித்?"
ஸ்திஸ்லாவாவின் கேள்வி நியாயமானது.
மூன்று வாரம் சண்டை.
ஸ்தமாதிஸும் அவள் கட்சி:
"நொடிக்கணக்கு தெரிந்தால் யாருக்கு என்ன நஷ்டம்?"
அவன் முதுகுக்குப் பின்னால், எங்கோ ஓர் அறையில்,
சின்னதாய் ஒரு மெஷின் கூவியது.
எழுந்து போனான். காலி நாற்காலியை
நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.
அவளுக்கும் தெரியுமோ?
கேட்பதும் ஒருவகைப் பார்ப்பதுதான். கேட்கவில்லை.
அடுத்த நாள் அவள் எழுதியிருந்தாள்:
பதினேழுக்குச் சம்மதம். காரணம் தேவையில்லை.

முதல் ஒரு மணி நேரம் இன்னும் கூர்மையாகத்தான் இருக்கிறது.
இரவுப் பணியில் அது என் திரையில் ஓடுகிறது.
அங்கே மூன்று பத்து என்றால் இங்கே இரண்டு பத்து.
எழுந்துபோய்க் குழாயைத் திறக்கிறேன்.
இந்தக் கெட்டில் பழையது;
கொதிக்க நான்கு நிமிடம் எடுக்கும்.